வைத்தியக் குறிப்பெழுதுவோர் நிலை

ஆஸ்பத்திரியிலே நோயாளியின் உயிரைக் காப்பவர் யார் என்று கேட்டால், வைத்தியர் என்றும், தாதிமார் என்றும், மருந்து கலந்து கொடுப்போர் என்றும் ஜனங்கள் விடை கூறுவார்கள். வைத்தியர் வாயால் சொன்னதைக் காதால் கேட்டு எழுத்தாக்கி வைப்பவரை ஒருவரும் நினைப்பதில்லை. அவர் நோயாளியைக் கண்டதில்லை; நோயாளியும் அவர் பெயரை அறியார். ஆயினும் அவர் எழுதும் ஒரு வரியில் ஓர் எண் பிறழுமாயின், அதனால் ஒரு குடும்பம் தாயையோ தந்தையையோ இழந்துவிடக் கூடும். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் என்று ஆங்கிலப் பெயராலேயே நம்மிடையே வழங்கும் இத்தொழிலில் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் சென்னை, கோயமுத்தூர், பெங்களூர், ஹைதராபாத் முதலிய நகரங்களில் ஆயிரக்கணக்கான வாலிபர்களும் பெண்மணிகளும் ஈடுபட்டு ஜீவித்து வந்திருக்கிறார்கள். இப்பொழுது பேச்சைக் கேட்டுத் தானே எழுதும் யந்திரம் அவர்களுடைய வாசலில் வந்து நிற்கிறது. இத்தொழில் போகட்டும் என்று விட்டுவிடலாமா, அன்றி இதில் காப்பாற்றத்தக்கது ஏதேனும் உண்டா என்று ஆராய்வது நமது கடமையாகும்.

தொழிலின் தோற்றம்

நோயாளியைப் பற்றி ஒழுங்காகக் குறிப்பெழுதி வைக்கும் வழக்கம் மேனாட்டிலும் மிகப் பழமையானதன்று. அமெரிக்க ரண சிகிச்சையாளர் கல்லூரி என்னும் சங்கத்தார், ஆஸ்பத்திரிகளுக்கு வேண்டிய குறைந்தபட்ச நிபந்தனைகள் சிலவற்றை வகுத்து, 1918-இல் நேரில் சென்று பரீட்சை செய்தார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் சரியான, முழுமையான குறிப்பு இருக்க வேண்டுமென்பது அந்நிபந்தனைகளுள் முக்கியமானது. நூறும் அதற்கு மேலும் படுக்கைகள் கொண்ட 692 ஆஸ்பத்திரிகளைப் பார்வையிட்டதில், தேறியவை 89 மாத்திரமே. தேறாதவற்றுள் பெயர் பெற்ற ஆஸ்பத்திரிகள் பல இருந்தமையால், அப்பட்டியல் பத்திரிகைகளின் கையில் அகப்படாதபடி அதனை எரித்துவிட்டார்கள். அமெரிக்கா அன்றிருந்த நிலை இது.

அதன் பின்னர்க் குறிப்பெழுதுவது கட்டாயமாயிற்று. நாளொன்றுக்குப் பல நோயாளிகளைப் பார்க்கும் வைத்தியர் எல்லாவற்றையும் தம் கையால் எழுதுவது இயலாத காரியம். ஆகவே முதலில் சுருக்கெழுத்துக்காரர்களை அமர்த்திக்கொண்டார்கள். தாமஸ் எடிசன் 1877-இல் குரலைப் பதிவு செய்யும் யந்திரத்தைக் கண்டுபிடித்தபொழுது, அதன் உபயோகங்கள் எவையென அடுத்த ஆண்டே ஒரு பட்டியல் எழுதினார். அதில் முதலிடம் பெற்றது சங்கீதமன்று. சுருக்கெழுத்துக்காரர் உதவியின்றிக் கடிதம் முதலியவற்றைச் சொல்லிப் பதிவு செய்வதே. அவர் எண்ணியது வைத்தியர்களுக்குப் பொருத்தமாகவே அமைந்தது. வைத்தியர் தமக்கு ஓய்வு கிடைத்தபோது யந்திரத்தில் பேசிவைப்பார். வேறொருவர் வேறோர் அறையில் அதைக் கேட்டுத் தட்டச்சில் அடிப்பார். பேசுகிறவரும் எழுதுகிறவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டியதில்லை என்றான பின், இருவருக்குமிடையே ஒரு சுவர் இருந்தாலென்ன, ஒரு மகாசமுத்திரம் இருந்தாலென்ன?

நம் நாட்டுக்கு வந்த விதம்

அமெரிக்காவின் கீழ்க்கரையில் இரவு எட்டு மணி அடிக்கும்பொழுது சென்னையில் விடியற்காலை ஐந்தரை மணியோ, ஆறரை மணியோ ஆகிறது. பகலெல்லாம் நோயாளிகளைப் பார்த்த நியூயார்க் வைத்தியர் இரவில் குரலைப் பதிவு செய்துவிட்டு உறங்கப் போவார். அவர் உறங்கும் நேரம் நமக்கு வேலை நேரம். அவர் மறுநாட்காலை ஆஸ்பத்திரிக்கு வரும்பொழுது, முந்திய தினம் சொன்னவை யாவும் செவ்வையாக எழுதப்பட்டு அவர் கையொப்பத்துக்குக் காத்திருக்கும். இச்சௌகரியத்தோடு, அமெரிக்காவில் ஒருவருக்குக் கொடுக்கும் கூலியில் இங்கே பலரை அமர்த்தலாம் என்ற லாபமும் சேர்ந்தது. 1990-களின் நடுவில் பெங்களூரிலும், அதையடுத்துச் சென்னை முதலிய நகரங்களிலும் இத்தொழில் பரவியதற்கு இவ்விரண்டுமே காரணம்.

இங்கே ஒன்று சொல்லாமல் விடுவது நியாயமன்று. அமெரிக்காவில் இத்தொழில் செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் அவர்களுள் பலர். 1978-இல் தமக்கெனச் சங்கம் ஒன்று கண்டு, பரீட்சைகளை ஏற்படுத்தி, இதனை மதிப்புள்ள தொழிலாக்கினார்கள். வேலை கடல் கடந்து இங்கே வந்தபொழுது அவர்களுடைய கூலி வீழ்ந்தது. பலர் வேலையையே இழந்தார்கள். அதற்கு நமது வாலிபர்கள் பொறுப்பாளிகளல்லர். ஆயினும் ஒரு நாட்டில் குறைந்த கூலிக்கு ஆள் கிடைப்பதாலேயே வந்த வேலை, அதனினும் குறைந்த கூலிக்கு ஆளோ யந்திரமோ கிடைத்தவுடன் போய்விடும் என்பதை நாம் அன்றே உணர்ந்திருக்க வேண்டும்.

வேலையின் அருமை

எட்டு மணி நேரம் காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, காலால் பெடலை மிதித்துக் குரலை ஓட்டியும் நிறுத்தியும், விரலால் தட்டச்சு அடிப்பது வேலையின் புறத்தோற்றம். இதைப் பார்த்தவர்கள், "கேட்டதை அடிப்பதுதானே, இதில் என்ன கஷ்டம்?" என்பார்கள். கஷ்டமெல்லாம் கேட்பதில் இருக்கிறது.

ஒரு வைத்தியர் டெக்ஸாஸ் தேசத்து உச்சரிப்பில் பேசுவார். மற்றொருவர் சீன உச்சரிப்பில் பேசுவார். வேறொருவர் சாப்பிட்டுக்கொண்டே பேசுவார். பின்னால் தொலைபேசி மணி அடித்துக்கொண்டிருக்கும். மருந்தின் பெயர்களோ ஒன்றுபோல் ஒன்று ஒலிப்பவை. செலிப்ரெக்ஸ் என்பது மூட்டுவலிக்கு. செலெக்ஸா என்பது மனச்சோர்வுக்கு. செரிபிக்ஸ் என்பது வலிப்புக்கு. ஹைபர்டென்ஷன் என்றால் ரத்த அழுத்தம் மிகுதி. ஹைபோடென்ஷன் என்றால் குறைவு. டிஸ்பேஜியா விழுங்குவதிலுள்ள தடை. டிஸ்பேஸியா பேசுவதிலுள்ள தடை. சிறுகுடலின் கடைப்பகுதிக்கும் இடுப்பெலும்பின் ஒரு பகுதிக்கும் ஆங்கிலத்தில் பெயர் ஒலியளவில் ஒன்றேயாகும். எழுத்தில் மாத்திரம் ஓர் எழுத்து வித்தியாசம். எதை எழுதுவதென்று காது சொல்லாது. நோயாளியின் கதை முழுவதையும் தொடர்ந்து வந்த புத்திதான் சொல்ல வேண்டும். ஆகவே தேகக்கூறு, நோய்க்கூறு, மருந்து, ரண சிகிச்சைக் கருவிகள் இவையனைத்தையும் ஓரளவு கற்றவரே இவ்வேலைக்கு யோக்கியர். விலங்கியலும் தாவரவியலும் படித்துவிட்டு வேலையின்றித் திரிந்த பட்டதாரிகள் பலர், மாதக்கணக்கில் உழைத்து இக்கல்வியைப் பெற்றார்கள். பிரமாதமான வைத்தியப் பட்டம் எதுவுமின்றியே, வைத்தியர் வாய்தவறிச் சொன்ன இடது காலை வலது கால் என்று கண்டுபிடித்து எச்சரிக்கத்தக்க பயிற்சி அவர்களுக்கு உண்டாயிற்று.

இத்தொழிலில் கற்பிக்கப்படும் தர்மம் ஒன்று உண்டு. சரியாகக் காதில் விழாத சொல்லை ஊகித்து எழுதக் கூடாது. அவ்விடத்தை வெறுமையாக விட்டு, ஒலிப்பதிவின் எந்த நிமிஷத்தில் எந்த விநாடியில் அச்சொல் வருகிறதென்று குறித்து, மேலே உள்ளவருக்கு அனுப்ப வேண்டும். அவருக்கும் விளங்காவிட்டால் வெறுமையாகவே வைத்தியரிடம் போகும். சொன்னவரே நிரப்ப வேண்டும். வெறுமையிடம் அதிகமானால் எழுதியவருக்குக் கௌரவக் குறைவு என்று எண்ணுகிற மேலதிகாரிகளும் இருந்தார்கள். ஆயினும் நல்ல இடங்களில் தெரியாததைத் தெரியாதென்று விடுவதே முதற்பாடமாக இருந்து வந்தது. இந்தத் தர்மத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். யந்திரத்தைப் பற்றிப் பேசும்பொழுது இது மீண்டும் வரும்.

கூலியும் பொறுப்பும்

இத்தொழிலில் பெரும்பாலும் சம்பளம் வரிக் கணக்கில் அமைந்தது. இடைவெளிகளும் உட்பட 65 எழுத்துகள் கொண்டது ஒரு வரியென்பது வழக்கம். தெளிவாகப் பேசும் வைத்தியர் கிடைத்தவர் பாக்கியசாலி. வாய்க்குள் முணுமுணுப்பவர் கிடைத்தவர் இருமடங்கு நேரம் உழைத்துப் பாதி வரி எழுதுவார். கஷ்டமான வேலைக்குக் குறைந்த கூலியென்னும் விபரீதம் இக்கணக்கிலேயே அடங்கியிருந்தது.

இதனினும் பெரிய தீமை, வேலை கைமாறிக் கைமாறிப் போவது. 2003-ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்த சம்பவம் ஒன்று உலகப் பிரசித்தமானது. காலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த சான் பிரான்சிஸ்கோ ஆஸ்பத்திரியின் குறிப்பு வேலையை உள்ளூரில் ஒரு கம்பெனி ஏற்றது. அது பிளாரிடாவிலிருந்த ஒருவருக்குக் கொடுத்தது. அவர் டெக்ஸாஸில் இருந்த ஒருவருக்குக் கொடுத்தார். அவர் கராச்சியிலிருந்த ஒரு பெண்மணிக்குக் கொடுத்தார். தமக்குச் சேர வேண்டிய கூலி வராததால், நோயாளிகளின் குறிப்புகளை உலகறிய வெளியிடுவதாக அப்பெண்மணி ஆஸ்பத்திரிக்கு எழுதிவிட்டார். ஆஸ்பத்திரியாருக்கோ தமது வேலை கராச்சிக்குப் போகிறதென்பதே தெரியாது. நோயாளியின் ரகசியத்தைக் காக்க அமெரிக்காவில் 1996-இல் இயற்றிய சட்டம் இருந்தது. அதன் விதிகள் அதே 2003-ஆம் வருஷம் ஏப்ரலில்தான் அமலுக்கு வந்திருந்தன. அவர் செய்யத் துணிந்தது தவறென்பதில் ஐயமில்லை. ஆனால் கூலி கொடாமல் ஏய்த்தவர் இடையிலே மறைந்துகொள்ள, கடைசிக் கண்ணியிலிருந்த தொழிலாளியும், ஒன்றுமறியாத நோயாளியும் எதிரெதிரே நிற்கும்படி செய்த ஏற்பாடு எத்தகையது?

மற்றொரு சம்பவம் இதனினும் துயரமானது. அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்தில் 2008-ஆம் வருஷம், நீரிழிவு நோயுள்ள ஒரு பெண்மணியை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து வேறொரு பராமரிப்பு விடுதிக்கு அனுப்பினார்கள். அவருக்குக் கொடுக்க வேண்டிய இன்சுலின் 8 அலகு. வெளியனுப்பும் குறிப்பில் அது 80 என்று பதிவாகியிருந்தது. விடுதியில் அவ்வளவையும் செலுத்தினார்கள், பெண்மணி இறந்தார். அந்தக் குறிப்பு வேலை ஓர் அமெரிக்கக் கம்பெனியின் வழியாக இந்தியாவிலுள்ள துணைக் கம்பெனிகளுக்குக் கைமாறியிருந்ததென்று வழக்கில் வெளியாயிற்று. 2012 டிசம்பரில் ஜூரிகள் அக்குடும்பத்துக்கு 14 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தார்கள்.

இதைக் கேட்டு, "இந்தியர்களுக்கு இங்கிலீஷ் விளங்காது, அதனால் வந்த வினை" என்று அங்கே சிலர் கூறினர். எட்டுக்கும் எண்பதுக்கும் வித்தியாசமறியாத ஜாதி உலகில் எதுவுமில்லை. ஒரு சைபர் தவறி விழுவது எந்த நாட்டு விரலிலும் நேரக் கூடியது. அதனைக் கண்டுபிடிக்க வேண்டியவர் இரண்டாமவர், அவரும் தவறினால் மூன்றாமவர், முடிவில் வைத்தியர். வரிக்கு இத்தனை காசென்று விலையை அடித்து அடித்துக் குறைக்கும்பொழுது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர் இந்த இரண்டாமவரும் மூன்றாமவருமேயாவர். கைமாறும்தோறும் கூலி தேய்கிறது. கூலியோடு சரிபார்க்கும் கண்களும் குறைகின்றன. நமது நாட்டுக் கம்பெனிகள் இந்த வழக்கை ஏளனமாகவும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவமானமாகவும் கருதக் கூடாது. பாடமாகக் கொள்ள வேண்டும்.

யந்திரத்தின் வருகை

பேச்சை எழுத்தாக்கும் கணிப்பொறி ஏற்பாடுகள் 1990-களில் சாதாரண ஜனங்களுக்கும் விற்பனைக்கு வந்தன. முதலில் அவை எழுதியதைக் கண்டு நகைத்தோம். நாளடைவில் யந்திரம் முதற்பிரதியை எழுதவும், மனிதர் அதைத் திருத்தவுமான முறை வந்தது. எழுதுகிறவர் திருத்துகிறவரானார், பெயர் உயர்ந்தது, கூலி தாழ்ந்தது. திருத்துவது எழுதுவதினும் எளிதென்று முதலாளிகள் வாதித்தார்கள். உண்மையில் வழவழவென்று பிழையின்றித் தோன்றும் பக்கத்தில் ஒளிந்திருக்கும் ஒரே பிழையைக் கண்டுபிடிப்பது, புதிதாக எழுதுவதைவிட அதிக விழிப்பைக் கோருகிற காரியமாகும்.

2009-இல் அமெரிக்க சர்க்கார், ஆஸ்பத்திரிக் குறிப்புகளைக் கணிப்பொறியில் ஏற்ற ஊக்கப் பணம் கொடுக்கும் சட்டத்தை இயற்றினார்கள். வைத்தியர்கள் நோயாளியின் முகத்தைப் பார்ப்பதை விட்டுத் திரையைப் பார்த்துத் தாமே தட்டச்சு அடிக்கலாயினர். குறிப்பெழுதுவோருக்கு வேலை குறைந்தது. வைத்தியர்களுக்கோ அலுப்பு மிகுந்தது. அந்த அலுப்பைப் போக்குவதாகச் சொல்லிக்கொண்டே அடுத்த யந்திரம் வந்தது. வைத்தியரும் நோயாளியும் பேசிக்கொண்டிருக்க, பக்கத்திலிருந்து கேட்டுத் தானே குறிப்பெழுதும் செயற்கை நுண்ணறிவு அது. இத்துறையில் பெயர்பெற்ற நுவான்ஸ் என்னும் கம்பெனியை மைக்ரோசாப்ட் கம்பெனியார் 2022 மார்ச்சில் சுமார் 1,970 கோடி டாலருக்கு விலைக்கு வாங்கி முடித்தார்கள் என்பதிலிருந்தே, இதில் எத்தகைய லாபத்தை எதிர்பார்க்கிறார்கள் என்பது விளங்கும்.

யந்திரத்தை நாம் வெறுப்பவரல்லோம். களைத்த காதுக்கு அது துணை. வைத்தியருக்கு நோயாளியின் முகத்தைத் திரும்பப் பார்க்க நேரம் கொடுக்குமானால் நல்லதே. ஆனால் அதன் குணம் ஒன்றை மறைக்கலாகாது. பேச்சை எழுத்தாக்க ஓப்பன் ஏஐ கம்பெனியார் 2022-இல் வெளியிட்ட விஸ்பர் என்னும் ஏற்பாட்டை அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் சோதித்து 2024-இல் தமது முடிவைப் பிரசுரித்தனர். சோதித்த ஒலித்துண்டுகளில் சுமார் நூற்றுக்கு ஒன்றில், ஒருவரும் பேசாத சொற்றொடர்களை அது தானே கற்பித்து எழுதியிருந்தது. அப்படிக் கற்பித்தவற்றுள் நூற்றுக்குச் சுமார் 38 பங்கு தீங்கு விளைக்கத்தக்கவை. நோயால் பேச்சுத் தடைப்பட்டவர்கள் இடையிடையே நிறுத்திப் பேசுகையில், அந்த மௌனம் நீளும் இடங்களில் இது அதிகமாக நேரக் கண்டார்கள். ஆபத்தான காரியங்களில் இதனை நம்பி இறங்க வேண்டாமென்று செய்த கம்பெனியாரே எச்சரித்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் அதன்மீது கட்டிய கருவிகள் சில ஆஸ்பத்திரிகளில் புகுந்துவிட்டன.

நூற்றுக்கு ஒன்றுதானே என்று சொல்வது எளிது. மனிதரும் நூற்றுக்கு ஒன்று தவறுவதுண்டு. ஆனால் பழகிய குறிப்பெழுத்தர் தமக்கு விளங்காத இடத்தை வெறுமையாக விடுவார். அந்த வெறுமையே வைத்தியரை நிறுத்தி, "இங்கே பார்" என்று சொல்லும். யந்திரம் வெறுமையை விடாமல் நிரப்பிவிடுகிறது; நிரப்பியதும் மற்ற வரிகளைப்போலவே அழகாக இருக்கிறது. பேசமாட்டாத நோயாளியின் மௌனத்தில், அவர் சொல்லாத சொல்லை எழுதிவைக்கிற யந்திரத்தின் பக்கத்தில், கேட்கத் தெரிந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டுமென்று நாம் கோருவது கூலிக்காக மாத்திரமன்று, நோயாளியின் உயிருக்காகவுமேயாகும்.

நமது வீட்டின் நிலை

இவ்வளவும் அமெரிக்க நோயாளிகளின் குறிப்பைப் பற்றிய பேச்சு. நமது நோயாளியின் குறிப்பு எங்கே? சிதம்பரத்திலோ, தருமபுரியிலோ ஒரு குடியானவர் தம் மனைவியின் ரண சிகிச்சைக்குப் பின் ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும்போது, ஒரு மஞ்சள் பையில் எக்ஸ்ரேப் படங்களும் சீட்டுகளுமாகக் கட்டிக்கொண்டு போகிறார். அவற்றில் எழுதியிருப்பது ஆங்கிலம். பல சமயம் எழுதிய வைத்தியரையன்றிப் பிறர் வாசிக்க முடியாத ஆங்கிலம். எந்த மாத்திரை எதற்கு, எத்தனை நாளைக்கு, எந்த அறிகுறி கண்டால் ஓடிவர வேண்டும் என்பதெல்லாம் வாய்ச்சொல்லாகவே முடிந்துபோகின்றன. வீடு சேருமுன் பாதி மறந்துபோகிறது.

விதிகள் இல்லாமலில்லை. உள்நோயாளிகளின் குறிப்புகளை மூன்று வருஷம் பாதுகாக்க வேண்டுமென்றும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டுமென்றும் இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் வருஷத்து ஒழுக்க விதிகள் கூறுகின்றன. மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக, கூடியவரையில் பெரிய எழுத்துகளில் எழுத வேண்டுமென்று 2016-இல் திருத்தமும் செய்தார்கள். எழுத்து விளங்கவில்லை என்ற குறை எவ்வளவு பரவியிருந்தால் இப்படியும் ஒரு விதி வேண்டியிருக்கும்! ஒவ்வொரு பிரஜைக்கும் 14 இலக்க எண் ஒன்று கொடுத்து வைத்தியக் குறிப்புகளைக் கணிப்பொறியில் இணைக்கும் திட்டம் 2021-இல் நாடு முழுவதுக்குமாகத் தொடங்கப்பட்டது. எண் கிடைத்துவிடும், அந்த எண்ணுக்குள் வைக்கத்தக்க செம்மையான குறிப்பை எழுதுகிறவர் யார்?

எழுதத் தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். நியூயார்க் வைத்தியரின் முணுமுணுப்பை விளங்கிக்கொண்ட காது, மதுரை வைத்தியரின் பேச்சை விளங்கிக்கொள்ளாதா? வெளிநாட்டு நோயாளிக்காக நமது மக்கள் கற்ற வித்தை, வேலை போயிற்றென்று வீணாகிவிட, நமது நோயாளி குறிப்பின்றி நிற்பது எத்தகைய முறை என்று சர்க்காரையும், பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளையும் கேட்கிறோம்.

தமிழில் வைத்தியக் குறிப்பு இயலாது, சொற்கள் இல்லை என்று சிலர் கூறக் கூடும். அவர்களுக்கு ஒரு சரித்திரத்தை ஞாபகப்படுத்துவோம். சாமுவேல் பிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் ஆஸ்பத்திரியும் வைத்தியப் பள்ளியும் நடத்தினார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தவர், கற்றவர்கள் கிராமங்களில் தங்கி ஜனங்களுக்கு உதவ வேண்டுமாயின் கல்வி தமிழிலேயே இருக்க வேண்டுமென்று கண்டு, 1864 முதல் தமிழிலேயே கற்பித்தார். தேகக்கூறு, ரண சிகிச்சை, பிரசவ வைத்தியம் முதலிய நூல்களைத் தமிழாக்கினார். வேண்டிய கலைச்சொற்களைத் தமது மாணாக்கரோடு சேர்ந்து தேடித் தொகுத்தார். அமெரிக்காவில் பிறந்த ஒருவர் நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் நமது மொழியில் செய்த வேலையில், ஒரு பக்கமளவு நாம் செய்யக் கூடாதா? நோயின் பெயர், செய்த சிகிச்சை, மருந்து, அளவு, வேளை, ஆகாத உணவு, திரும்ப வர வேண்டிய நாள் ஆகிய இவ்வேழும் அடங்கிய ஒரு பக்கம் தமிழில் போதும். வைத்தியர்களுக்குள் வழங்கும் விரிவான குறிப்பு ஆங்கிலத்திலேயே இருக்கட்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, நூறு படுக்கைக்கு மேற்பட்ட ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும் பயிற்சி பெற்ற குறிப்பெழுத்தர்களை நிரந்தர உத்தியோகத்தில் அமர்த்த வேண்டும். ஜில்லாத் தலைமை ஆஸ்பத்திரிகளில் சர்க்கார் இதனைத் தொடங்கிக் காட்டலாம். இரண்டாவது, யந்திரம் எழுதிய குறிப்பு எதுவாயினும், யந்திரம் எழுதியதென்று அதிலேயே குறிக்க வேண்டும். மனிதர் ஒருவர் ஒலியோடு ஒப்பிட்டுப் பார்த்து, வைத்தியர் கையொப்பமிடும் வரையில் மூல ஒலிப்பதிவை அழிக்கலாகாது. ஒப்பிட ஒலியில்லாமல் திருத்தச் சொல்வது, சாட்சியை விசாரியாமல் தீர்ப்பெழுதச் சொல்வதற்கு ஒப்பாகும். மூன்றாவது, திருத்தும் வேலைக்கு வரிக் கணக்கில் கூலி கொடுப்பதை ஒழித்து, நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவசரப்படுகிறவருக்கு அதிகக் கூலியும், நின்று யோசிக்கிறவருக்குக் குறைந்த கூலியும் கிடைக்கிற ஏற்பாட்டில் உயிருக்குப் பாதுகாப்பில்லை. நான்காவது, குறிப்பு வேலையை ஏற்றவர் ஆஸ்பத்திரியின் சம்மதமின்றி மூன்றாமவருக்குக் கைமாற்றுவதைத் தடுக்க வேண்டும். பிரஜைகளின் சொந்த விவரங்களைக் காப்பதற்கென 2023-இல் பார்லிமெண்டு சட்டம் இயற்றியிருக்கிறது. அதன் நோக்கம் ஆஸ்பத்திரிக் காகிதங்களிலும் நிறைவேற வேண்டும்.

இத்தொழிலை நாடும் வாலிபர்களுக்கும் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். இரண்டாயிரமாம் ஆண்டையொட்டி மூலைக்கொரு பயிற்சி நிலையம் தோன்றி, வேலை நிச்சயமென்று சொல்லிப் பெருந்தொகைகளை வாங்கியதையும், அவற்றுள் பல கதவை மூடிக்கொண்டு மறைந்ததையும் தமிழ்நாடு மறக்கவில்லை. தாலியை அடகு வைத்துப் பணங்கட்டிய குடும்பங்களும் உண்டு. ஆகவே, வேகமாகத் தட்டச்சு அடிக்கத் தெரிந்தால் போதும், கைநிறையச் சம்பளம் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர இலாகாவே இத்தொழில் அங்கே குறைந்துகொண்டு போகுமென்று கணித்து வருகிறது. விரலின் வேகத்தை மட்டும் மூலதனமாகக் கொண்டவருக்கு இனி இடமில்லை. தேகக்கூறும் மருந்தும் நன்றாகக் கற்று, குறிப்பின் தரத்தைச் சோதிப்பவராகவும், நோய்களுக்குக் குறியீட்டு எண் வகுப்பவராகவும், யந்திரத்தின் பிழையைக் கண்டுபிடிப்பவராகவும் உயர விரும்புகிறவருக்கு இடமுண்டு. தமிழிலும் செம்மையாக எழுதப் பழகியவருக்கு, நாம் மேலே கோரிய ஏற்பாடுகள் நிறைவேறுமாயின், சொந்த ஜில்லாவிலேயே இடமுண்டு.

பெயர் தெரியாமல் உழைத்த இம்மனிதர்களை யந்திரம் வந்ததென்று தேசம் கைவிட்டுவிடுமாயின், நஷ்டம் அவர்களோடு நில்லாது. சுகாதார மந்திரியார் இவ்விஷயத்தைத் தமது இலாகாவின் ஆலோசனைக்கு எடுத்துக்கொண்டு, வரும் வரவு செலவுத் திட்டத்தில் ஜில்லா ஆஸ்பத்திரிகளின் குறிப்பெழுத்தர்களுக்கென ஒரு தொகை ஒதுக்க வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். நேயர்களும் ஒரு காரியம் செய்யலாம். அடுத்தமுறை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும்பொழுது, உங்களுடைய குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். விளங்காத இடத்தை விளக்கச் சொல்லுங்கள். கேட்பது உங்களுடைய உரிமை.